பெயர் போடாத கடிதம்

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையின் பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து வைத்து, கதை முடிந்ததும் தைத்து அட்டை போட்டுப் புத்தகமாக்கிக்கொள்வார்கள். உங்கள் வீட்டிலும் ஒன்றிரண்டு இருந்திருக்கும். என் மகளிடம் சொன்னபோது, "புக்காவே வாங்கியிருக்கலாமேம்மா" என்றாள்.

அப்படித் தைத்த ஒரு புத்தகத்தால் என் தோழியின் படிப்பு நின்றுபோனது என்று முப்பது வருடங்களாக எனக்கு நானே சொல்லிவந்தேன். புத்தகத்தால் இல்லை, என்னால். அதுவும் முழுக்கச் சரியில்லை என்று போன மாதம் தெரிந்தது. அதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. எழுதினால் கொஞ்சம் அடங்குமோ என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையில் கிளார்க். ஆலைக்குப் பின்னால் எங்களுக்கு ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் தொழிலாளர்களின் லைன் வீடுகள். நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருடம் ஆலையை மூடினார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். முதல் நாள் காலையில் சங்கு ஊதவில்லை. அம்மா அடுப்படியில் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அரிசி போடுகிற நேரம் ஆயிற்றா இல்லையா என்று தெரியாமல் நின்றது நினைவிருக்கிறது. பஞ்சு வாசனை மட்டும் இன்னும் பல மாதங்கள் காற்றில் இருந்தது. மரங்களின் மேல் படிந்திருந்த வெள்ளைப் பிசிறு மழை வந்த பிறகுதான் போயிற்று.

என்னைக் கான்வென்ட்டிலிருந்து எடுத்து அரசு பெண்கள் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். தமிழ்ச் செய்யுளை நான் ஒப்பித்த விதத்தைக் கேட்டு ஒரு வகுப்பே சிரித்தது. அதன் பிறகு நான் வாயைத் திறப்பதை விட்டுவிட்டேன். மதியம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து சாப்பிடுவேன். மூன்றாவது வாரம் ஒரு நாள் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு ஒருத்தி வந்து எதிரில் நின்று, நான் தொடாமல் வைத்திருந்த முட்டையைப் பார்த்தாள்.

"ஏனுங்க கான்வென்ட்டு, அந்த முட்டைய திங்கறதுக்குக் கொண்டாந்தியா, அடை வெக்கறதுக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதி முட்டை அவளுக்குப் போயிற்று. மறுநாள் முதல் ஒரே பெஞ்சு.

அவள் வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு. அவளுடைய அப்பா எங்கள் ஆலையில்தான் ஸ்பின்னிங்கில் இருந்தவர். ஆலை மூடியதும் பல்லடம் பக்கம் கோழிப் பண்ணைக்கு லோடு ஏற்றப் போய்க்கொண்டிருந்தார். அம்மா இல்லை. அவள் ஆறாவது படிக்கும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பள்ளிவிட்டு வந்தால் அப்பா வரும் வரை அந்த ஒற்றை அறை வீட்டில் அவள் மட்டும்தான். பேச ஆளில்லாததால் அடுப்போடு பேசுவேன் என்பாள். "பத்திக்கோ சாமி, பத்திக்கோ தங்கம்னு கெஞ்சுவேன். கடன்காரி, எரிஞ்சா அணையாது, அணைஞ்சா எரியாது."

அந்தப் புத்தகம் அவளுடைய அம்மா தைத்தது. ஆலையில் நூல் சுற்றும் கோனில் மிச்சமாகிறதை நாலாக முறுக்கி, கோணி ஊசியால் தானே தைத்திருக்கிறார். மேலே கெட்டியான பழுப்பு அட்டை. மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்திருப்பார் போல, திறந்தால் ஒரு கசப்பு வாசனை வரும். முதல் சில வாரங்கள் அதில் இல்லை. அதனால் கதையின் பெயரோ, எழுதியவர் பெயரோ எங்களுக்குத் தெரியாது. வெளிநாட்டுப் பழைய நாவல் ஒன்றின் தமிழாக்கம் என்பது மட்டும் தெரிந்தது. நடுவிலும் சில வாரங்கள் கிடையாது. அம்மாவுக்குப் பத்திரிகை கொடுக்கிற வீட்டில் அந்த வாரங்களில் ஆள் இருந்திருக்க மாட்டார்கள் என்று அவள் கணக்குச் சொல்வாள். பக்கத்தின் பின்புறம் பாதித் துணுக்கு, தலைமுடித் தைலத்தின் விளம்பரம், யாருக்கோ வந்த ராசிபலன் எல்லாம் இருக்கும்.

கதை இதுதான். பனி பெய்கிற ஒரு நாட்டில் பட்டாளம் தங்கியிருக்கிற ஊர். அங்கே துணி வெளுக்கிற அநாதைப் பெண் ஒருத்தி. பட்டாளத்தில் கொம்பு ஊதுகிற பையன் ஒருவன். அவனையும் யாருக்கும் வேண்டியதில்லை. இருவரும் நண்பர்கள். காதல் கிடையாது. எங்களுக்கு அதுதான் மிகவும் பிடித்திருந்தது. வெளுத்துத் திருப்பி அனுப்பும் கோட்டுப் பைகளில் அவள் கடிதம் வைப்பாள். வெளுக்கப் போகும் கோட்டில் அவன் பதில் வைப்பான். மாட்டிக்கொண்டால் சவுக்கடி என்பதால் பெயர் போடுவதில்லை, கையெழுத்தும் போடுவதில்லை. ஒரு நாள் முதல் வண்டி ஏறிக் கடல் இருக்கிற ஊருக்குப் போவது, அங்கே ரொட்டி சுட்டு விற்பது என்று ஒவ்வொரு அத்தியாயத்திலும் பேசிக்கொள்வார்கள். போவதே இல்லை.

ஆலைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து அவள் வாசிப்பாள், நான் கேட்பேன். புத்தகம் ஒரு வாரம் அவள் வீட்டில் இருக்கும், ஒரு வாரம் என் துணி அலமாரியில். ஒரு நாள் அவளே சொன்னாள்: "நான் வெளுக்கறவ. நீ கொம்பூதி."

"நான் எதுக்குப் பையனா இருக்கோணும்?"

"நீதான் வகுப்புல வாயே தொறக்க மாட்டேங்கற. ஊதவாவது செய்."

அதிலிருந்து நாங்களும் கடிதம் எழுத ஆரம்பித்தோம். எங்களிடம் கோட்டுப் பை இல்லாததால் ஜாமெட்ரி பாக்ஸ். இல்லாமல்போன வாரங்களில் என்ன நடந்திருக்கும் என்பதைக் கடிதங்களிலேயே எழுதி நிரப்பினோம். 'நண்பனே' என்று அவள் தொடங்குவாள். 'தோழி' என்று நான். பெயர் கிடையாது, கையெழுத்து கிடையாது. சட்டத்தைச் சரியாகக் கடைப்பிடித்தோம். பதினாலு வயதில் எனக்கு இருந்த ஒரே துணை அந்தக் காகிதங்கள்தான் என்றால் நம்புவீர்களா? வீட்டில் அப்பா பேசுவதை நிறுத்தியிருந்தார். அம்மா எந்நேரமும் எதையாவது மூடி வைத்துக்கொண்டிருந்தாள், ஜன்னலை, டப்பாவை, வாயை.

அவளுக்கு ஒரு கனவு இருந்தது. கதையில் வந்ததில்லை, சொந்தக் கனவு. பத்தாவது, ப்ளஸ் டூ முடித்துவிட்டு டீச்சர் டிரெயினிங் சேர்வது. நூல் மில் ஒன்றின் ஏஜென்ட் லைன் வீடுகளுக்கு வந்து, பெண் பிள்ளைகளை ஹாஸ்டலில் வைத்து வேலை கொடுப்பதாகச் சொல்லிப் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். இவளுடைய அப்பாவையும் கேட்டிருக்கிறான். அவர் என்ன பதில் சொன்னார் என்பதை அவள் என்னிடம் நாலு தடவையாவது நடித்துக் காட்டியிருப்பாள், தோளில் துண்டைப் போட்டு, குரலைக் கனமாக்கி: "அதெல்லாம் வேண்டாமுங்க. என்ற புள்ள பத்தாவது முடிக்கட்டுங்க. அவ ஆத்தாளுக்கு வாக்குக் குடுத்துப்போட்டேன்."

அந்த வாக்கைத்தான் நாங்கள் உடைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கேஸ் சிலிண்டருக்குப் பதிந்த நம்பரைக் குறித்துக்கொள்ளப் பேனா தேடினாள். என் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தாள். நான் முற்றத்தில் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு நோட்டுத்தாளோடு வந்து நின்றாள். எழுத்து யாருடையது என்று அவளுக்குத் தெரியும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் தோழியின் நோட்டைப் பார்த்துப் பாடமெல்லாம் எழுதிக் கொடுத்தவளே அம்மாதான்.

'நண்பனே, என்னை இங்கே யாருக்கும் தேவையில்லை. செவ்வாய்க்கிழமை முதல் வண்டி. ஸ்டேஷனில் கடிகாரத்துக்குக் கீழே நிற்பேன். நீ வராவிட்டாலும் போவேன். கடலைப் பார்த்ததும் உன்னைத்தான் நினைப்பேன்.'

அந்த மாதம்தான் எங்கள் பள்ளியில் பத்தாவது படித்த ஒரு பெண் மினிபஸ் கண்டக்டரோடு போயிருந்தாள். ஊரில் எந்த வீட்டிலும் அதுதான் பேச்சு. இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மாவுக்கு அநியாயமாகிவிடும்.

"யாருக்குடி குடுக்கச் சொன்னா?" என்றாள் அம்மா.

இந்தக் கேள்வியை நான் எத்தனையோ முறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். 'இது என்ன?' என்று கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அம்மா ஒரு பொய்யைத் தயாராக எடுத்துவந்து என் கையில் வைத்தாள். நான் வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

"தெரியாதுங்கம்மா. பெட்டியில வெச்சிருக்கச் சொன்னா. அப்புறமா வாங்கிக்கறேன்னா."

"எவன்னு சொன்னாளா?"

"இல்லைங்க."

"கடலாமா, கடலு! கொச்சிக்கா, ராமேஸ்வரத்துக்கா? தூது போற அளவுக்கு நீ பெரிய மனுசி ஆயிட்டயா?" முதுகில் இரண்டு விழுந்தது. வலியைவிட நிம்மதி அதிகமாக இருந்ததை மறைக்க விரும்பவில்லை. மாட்டியது நான் இல்லை என்ற நிம்மதி.

பொழுதோடு அம்மா வேலிப் பக்கம் ஆள் விட்டு அவளுடைய அப்பாவை வரச் சொன்னாள். அவர் வாசலுக்கு வெளியிலேயே நின்றார். எங்கள் வீட்டுக்குள் வந்து பழக்கமில்லை அவருக்கு. பின்னால் அவள், ஈர மாவு ஒட்டிய கையோடு. என்ன விஷயம் என்று தெரியாமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"தாயில்லாப் புள்ளைன்னுதானுங்க நானும் சேர விட்டேன். இதைப் பாருங்க அண்ணா" என்று அம்மா தாளை நீட்டினாள்.

அவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எனக்குக் கூட்டெழுத்து வராதுங்க அம்மிணி. நீங்களே படியுங்க."

அம்மா படித்தாள். 'என்னை இங்கே யாருக்கும் தேவையில்லை' என்ற இடத்தில் அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அதற்குப் பிறகு வந்த ஸ்டேஷனும் கடலும் அவர் காதில் விழுந்திருக்குமா என்று தெரியவில்லை. ஒரு தகப்பனாக அந்த முதல் வரிதான் அவரை அடித்திருக்கும் என்று இந்த வயதில் எனக்குப் படுகிறது.

"அப்பா, அது கதைங்கப்பா" என்றாள் அவள். குரலில் பயமே இல்லை. சொன்னால் தீர்ந்துவிடும் என்று நம்பினாள். "நாங்க ரெண்டு பேரும் எழுதி எழுதி வெளையாடுவோம். இவதான் அந்தக் கொம்பூதி. இவளுக்குத்தானுங்க எழுதுனேன். கேளுங்க வேணும்னா."

அவர் என் பக்கம் திரும்பினார். என்னைவிட முப்பது வயது மூத்தவர். வெயிலில் கறுத்த மனிதர். என்னிடம் கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, இவ சொல்றது நெசமுங்களா?"

அந்த 'ங்க'வைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. என்னை நம்பிக் கேட்டார். அம்மாவின் கை என் தோள்மேல் இருந்தது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

அவள் அழவில்லை. கத்தவில்லை. பள்ளியில் புதிதாகச் சேர்ந்த யாரையோ பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவின் பின்னால் நடந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன்னால் அவர் பீளமேடு ஸ்டேஷனுக்குப் போய், கடிகாரத்துக்குக் கீழே நின்றிருக்கிறார். வந்துபோகிற ஒவ்வொரு பையனையும் பார்த்திருக்கிறார். இதைப் பின்னால் அப்பா சொல்லித்தான் தெரிந்தது. மூன்று நாள் வேலைக்குப் போகாமல் பள்ளி வாசலிலும் சைக்கிள் கடையிலும் நின்றார். ஒருவனும் அகப்படவில்லை. இருந்தவனாக இருந்தால் பிடித்து நாலு அடி கொடுத்துவிட்டு முடித்திருப்பார். இல்லாதவனை என்ன செய்வது? கண்ணில் படுகிற எல்லோரும் அவனாகத் தெரிந்திருக்கும். நாலாம் நாள் அந்த ஏஜென்ட்டைத் தேடிப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டார்.

ஹாஸ்டலுக்கு அவளைக் கூட்டிப்போக மில் வேன் வந்த அன்று நான் பள்ளியில் இருந்தேன். சாயங்காலம் லைன் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. பெஞ்சில் அவள் இடத்தில் ஒரு வாரம் யாரும் உட்காரவில்லை. பிறகு டீச்சர் வேறொருத்தியை உட்காரவைத்தார். கொஞ்ச நாளில் மற்றவர்களும் என்னோடு பேச ஆரம்பித்தார்கள். தோழியால் ஏமாற்றப்பட்டு அடிவாங்கியவள் என்று என்மேல் அவர்களுக்கு ஒரு இரக்கம். தனிமை போயிற்று. எப்படிப் போயிற்று பாருங்கள்.

மூன்று மாதம் கழித்துப் பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு இன்லேண்ட் லெட்டர் வந்தது. பிரித்துத்தான் அம்மா கொடுத்தாள். ஹாஸ்டலிலும் படித்துப் பார்த்துத்தான் அனுப்பியிருப்பார்கள். 'நான் நலம். சாப்பாடு பரவாயில்லை. நைட் ஷிப்டு மட்டும் கண் எரியும். நீ நன்றாகப் படி.' கீழே முழுப் பெயர், அப்பாவின் முதலெழுத்தோடு. அவ்வளவு திருத்தமாக அவள் பெயரெழுதி நான் பார்த்ததில்லை. பதில் எழுத எத்தனை நாள் உட்கார்ந்தேன் என்று தெரியாது. 'தோழி' என்று தொடங்கிக் கிழித்தேன். எழுதவில்லை. பிறகு அவளுக்கு அவிநாசிப் பக்கம் கல்யாணமாகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எந்த வயதில் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

நான் படித்தேன். எம்.ஏ. முடித்தேன். அவள் ஆசைப்பட்ட வேலையில் நான் இருக்கிறேன். பாடத்தில் பழைய நாவல் ஏதாவது வந்தால், கனவு காணும் ஏழைகளைப் பற்றி மாணவிகள் கண் கலங்கக் கலங்கப் பேசுவேன். நன்றாக நடத்துகிறேன் என்றுதான் சொல்கிறார்கள்.

போன மாதம் அம்மா கண் ஆபரேஷனுக்காக என் வீட்டுக்கு வந்திருந்தாள். கட்டுப் பிரித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. மத்தியானம் இருவரும் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். என் மகளும் ஒன்பதாவதுதான். உள்ளறையில் அவள் சிநேகிதியோடு கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ கிசுகிசுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பா, வெங்காயமா, எது என்று தெரியவில்லை. முப்பது வருடம் சொல்லாததைச் சொல்லிவிட்டேன்.

"அம்மா, அந்தக் கடிதம் எனக்கு எழுதினதுங்க. பையன்னு யாருமே இல்லை."

அம்மாவின் கை நிற்கவில்லை. உரித்ததைக் கிண்ணத்தில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

"தெரியுங் கண்ணு."

"என்ன தெரியும்?"

"அடுத்த நாளே தெரியும். நீ பள்ளிக்கொடம் போனதுக்கப்புறம் உன்ற துணி அலமாரிய எடுத்து வெச்சேன். அந்தத் தெச்ச புஸ்தகம் இருந்துச்சு. மத்தியானம் பூராப் படிச்சேன். அதே பேச்சு, அதே ஸ்டேஷன். நடுவால நீ எழுதின காகிதம் நாலு இருந்துச்சு."

மனதுக்குள் நாள் எண்ணினேன். ஞாயிறு மாலை நடந்தது. அடுத்த நாள் திங்கள். அவர் ஸ்டேஷனுக்குப் போனது செவ்வாய். பெயர் கொடுத்தது அதற்கும் பிறகு.

"அப்ப ஏன் போய்ச் சொல்லலீங்க?"

"போனேன். வேலிக் கேட்டு வரைக்கும் போனேன்." அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "சொன்னா என்னாகும்? ஊட்ட உட்டுப் போலாம்னு ரெண்டு புள்ளைகளும் சேந்து எழுதிச்சுங்கன்னு ஆகும். கதைன்னு சொன்னா அந்த லைன்ல எவ நம்புவா? உன்ற அப்பாவுக்கு வேற வேல போயிருந்துச்சு. பேருதான் மிச்சம். ஒண்ணோட போகட்டும்னு திரும்பிப்போட்டேன்."

"அந்தப் புஸ்தகம்? அப்பவே தேடினேன், கிடைக்கலீங்க."

"அன்னிக்கே தண்ணி அடுப்புல போட்டுட்டேன். நூலு மட்டும் சீக்கிரம் எரியவே இல்ல."

ஒண்ணோட போகட்டும். அந்தப் பெண்ணின் அம்மா கொடுக்க வைத்த வாக்கும், அவளுடைய டீச்சர் டிரெயினிங்கும், அந்த மனிதர் ஸ்டேஷனில் நின்றதும் எல்லாம் அந்த 'ஒண்ணு'க்குள். நான் கோபப்பட வேண்டும். அதற்கான எல்லா வார்த்தைகளும் என்னிடம் இருந்தன. சம்பளத்துக்கே சொல்கிற வார்த்தைகள்தானே.

"அது தப்புத்தான்" என்றாள் அம்மா. "தப்புன்னு தெரிஞ்சுதான் செஞ்சேன். நீயா இருந்தா போய்ச் சொல்லியிருப்பியா?"

உள்ளே கதவுக்குப் பின்னால் சிரிப்பு சட்டென்று நின்றது. இரண்டு பெண்களும் ரகசியமாக ஏதோ பேசிக்கொள்கிற சத்தம். என் காது முழுக்க அங்கே போய்விட்டது. என்ன பேசுகிறார்கள், யாரைப் பற்றி, மாட்டினால் அதில் என் மகளின் பங்கு எவ்வளவு, அந்த இன்னொருத்தியின் பங்கு எவ்வளவு.

சொல்லியிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உடு கண்ணு" என்றாள். "சொல்லாண்டாம்."